ஜீப்பின் முன் ஷாஃப்ட்டைப் பிரித்து மாட்டும் முறை

போடிநாயக்கனூரிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள்தான் என் பட்டறைக்கு வருகின்றன. பாதிக்கு மேல் மகிந்திரா எம்.எம். 540. பின் ஷாஃப்ட்டுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்கும் ஓட்டுநர்கள்கூட, முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்ட்டைக் குனிந்து பார்ப்பதில்லை. "நாலு சக்கரம் போட்டால்தானே அண்ணே அது சுற்றும்" என்கிறார்கள். சக்கரத்தை ஆக்ஸிலிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் பொருத்திய வண்டிக்கு அது பொருந்தும், அதுவும் ஹப்பை விடுவித்து வைத்திருந்தால் மட்டும். ஹப் இல்லாத வண்டியில் முன் சக்கரம் உருளும் ஒவ்வொரு முறையும் ஆக்ஸிலும் அதன் நடுவே உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனும் சுற்றும். கிரவுன் சுற்றினால் முன் ஷாஃப்ட்டும் சுற்றும். நாலு சக்கர லீவரைத் தொடாமல் சென்னைக்குப் போய் வந்தாலும் அந்த ஷாஃப்ட் முழுத் தூரமும் சுற்றியிருக்கும். கிரீஸ் இல்லாமல் அது சுற்றுவதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொரு கொடுமையும் இங்கே நடக்கிறது. போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். தோட்டத்துச் சேற்றில் போட்ட நாலு சக்கரத்தை எடுக்காமலே தார்ச்சாலையில் இறங்கிவிடுகிறார்கள். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். இந்த ஜீப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு கிடையாது. சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாததால் முறுக்கு முழுவதும் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் வளைந்துகொடுக்கும் சிலுவை வடிவ இணைப்புகளான கிராஸ்களில் விழுகிறது.

கிராஸ் போய்விட்டதா என்று வண்டியே சொல்லும். மெதுவாக உருட்டும்போது சக்கர வேகத்துக்கு ஏற்பக் கீச் கீச்சென்று சத்தம் வந்தால் ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது டொக்கென்று அடித்தால் தேய்ந்துவிட்டது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கீழே படுத்துக் கையால் சோதியுங்கள். கிராஸின் இரு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். கையில் உணரக்கூடிய ஆட்டம் எதுவாக இருந்தாலும் அந்த கிராஸை மாற்றியாக வேண்டும். ஆக்ஸில் ஹவுசிங்கில் ஷாஃப்ட் மாட்டும் முகமான ஃபிளேஞ்சே மேலும் கீழும் ஆடினால் குற்றம், கிரவுனோடு சேரும் சிறு பல்சக்கரமான பினியனின் பேரிங்கில் இருக்கிறது. ஷாஃப்ட்டைச் சரிசெய்து பயனில்லை. சந்தேகம் தீராவிட்டால் முன் ஷாஃப்ட்டை முழுதாகக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு சக்கர ஓட்டத்தில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். சத்தம் நின்றால் ஷாஃப்ட்தான். 540-இல் இப்படிக் கழற்றி ஓட்டுவதால் கெடுதல் இல்லை. முன், பின் ஷாஃப்ட்டுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள்ளேயே ஷாஃப்ட்டின் முனை நுழைந்திருக்கும் வேறு வண்டிகளில் ஆயில் வழிந்துவிடும், அவற்றில் செய்யாதீர்கள்.

கழற்றும் முன் ஓர் எச்சரிக்கை. பழைய ஜீப்புகளில் கை பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஷாஃப்ட்டை. பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் அந்தச் சக்கரம் டிஃபரன்ஷியல் வழியாகச் சுற்றி, கை பிரேக் போட்டிருந்தும் வண்டி நகர்ந்துவிடும். ஆகவே பின் சக்கரங்கள் இரண்டும் தரையில் இருக்கட்டும், முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினால் போதும். லீவர் இரண்டு சக்கரத்தில் இருந்தால் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது ஷாஃப்ட்டும் சுற்றி, ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பானருக்கு முன்னால் வரும்.

ஸ்பானரை எடுக்கும் முன் பெயிண்டையோ சென்டர் பன்ச்சையோ எடுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளேஞ்சுக்கும் ஷாஃப்ட்டுக்கும் ஒரு குறி, ஆக்ஸில் ஃபிளேஞ்சுக்கும் ஷாஃப்ட்டுக்கும் ஒரு குறி. ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் பல் இணைப்பில் உள் பாகத்துக்கும் வெளிப் பாகத்துக்கும் சேர்த்து ஒரு குறி. என்னிடம் வேலை கற்கும் பையன்கள் எதை மறந்தாலும் பொறுத்துக்கொள்வேன், இந்த மூன்றாவது குறியை மறக்க விடமாட்டேன். காரணம் இதுதான்: கிராஸ் சாய்ந்த கோணத்தில் சுற்றும்போது ஒரே சீரான வேகத்தைக் கடத்தாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். 20 டிகிரி சாய்வில் அது ஏறத்தாழ 6 சதவீதம் மேலும் கீழுமாக ஊசலாடும். மறுமுனையின் கிராஸ் அதே ஊசலை எதிர்த்திசையில் தந்து சமன்செய்கிறது. அதற்கு ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் இரு காது கொண்ட கவைகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பல் இணைப்பை ஒரு பல் தள்ளி மாட்டினாலும் சமன் கெடும், வண்டி அதிரும். குறி அழிந்துபோன ஷாஃப்ட் வந்தால் தரையில் கிடத்தி, இரு முனைக் கவைகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று கண்ணை வைத்துப் பார்த்துதான் மாட்ட வேண்டும்.

போல்ட்டுகளைக் கழற்றும்போது ஷாஃப்ட்டைத் தொங்க விடாதீர்கள், ஒரு கையால் தாங்குங்கள். கிராஸ் யூ போல்ட்டில் பிடிக்கும் வகையாக இருந்தால் ஊசி பேரிங்கைத் தாங்கும் கிண்ணங்களான கப்புகளில் வெளியே தெரியும் இரண்டையும் டேப் சுற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஊசிகள் தரையில் சிதறும்.

இனி பெஞ்சில். டீசலில் கழுவி, மண்ணை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டு, கப்பைத் துளையில் பிடித்து நிறுத்தும் கிளிப்புகளான சர்க்கிளிப்புகளைக் கழற்றுங்கள். துருவேறிப் பிடித்திருந்தால் கப்பின் நடுவில் சிறிய சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கிளிப் தளரும். கப்பை வெளியே தள்ளுவதற்கு இரண்டு சாக்கெட்டுகள் வேண்டும்: கப்பைவிடச் சற்றுச் சிறியது ஒன்று, கப் முழுதாக உள்ளே நுழையக்கூடிய பெரியது ஒன்று. இரண்டையும் எதிரெதிராக வைத்து வைஸில் நெருக்குங்கள். சிறிய சாக்கெட் ஒரு கப்பைத் தள்ள, எதிர்க் கப் பெரிய சாக்கெட்டுக்குள் இறங்கும். ஷாஃப்ட்டின் குழாயை மட்டும் வைஸில் கடிக்க வைக்கக் கூடாது, சுத்தியலால் தொடவும் கூடாது. குழாய் நசுங்கினால் லேத் பட்டறையில் புதுக் குழாய் வைத்து பேலன்ஸ் செய்வதைத் தவிர வழியில்லை. குழாயில் ஒட்டவைத்த சிறு இரும்புத் தகடுகள் பேலன்ஸுக்காக வைத்தவை, துரு என்று தட்டி எடுத்துவிடாதீர்கள்.

பழைய கிராஸைத் தூக்கி எறியும் முன் அதன் தண்டுகளை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். ஊசிகள் பதிந்த கோடுகள் நகத்தில் தடுக்கும். கப்பைத் திறந்ததும் செந்நிறப் பொடி கொட்டினால் அங்கே கிரீஸ் போய்ச் சேரவே இல்லை என்று பொருள். கவையின் துளைகளையும் பாருங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் புதுக் கிராஸ் நிற்காது, கவையையே மாற்ற வேண்டும்.

புதுக் கிராஸை வண்டி பெயர் சொல்லி மட்டும் வாங்காதீர்கள். பழைய வண்டிகளில் யார் எந்த ஷாஃப்ட்டை மாட்டினார்கள் என்று தெரியாது. வெர்னியரால் கப்பின் விட்டத்தையும், ஒரு முனையிலிருந்து எதிர் முனை வரையான அகலத்தையும் அளந்து கொண்டுபோங்கள். ஸ்பைசர் வரிசையில் 1310, 1330 இரண்டுக்கும் கப் விட்டம் 27 மில்லிமீட்டர்தான். அகலம் முதலாவதில் சுமார் 82, இரண்டாவதில் சுமார் 92. கப்பை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். விலை மலிவாகக் கிடைக்கிறது என்று பெயரில்லாத கிராஸ் வாங்கி வருபவர்களிடம் நான் மாட்ட மறுத்துவிடுகிறேன். கடினப்படுத்தாத தண்டு மலைச்சாலையில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவதில்லை.

மாட்டும்போதுதான் பொறுமை தேவை. கப்பைக் கழற்றி, ஊசிகள் எல்லாம் சுவரை ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்த்து, கிரீஸ் தடவுங்கள். கிரீஸ்தான் ஊசிகளைப் பிடித்து நிறுத்தும். கிராஸைக் கவைக்குள் வைத்து, கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் ஷாஃப்ட் பக்கம் பார்க்குமாறு திருப்புங்கள், பிற்பாடு கிரீஸ் கன் நுழைய அதுதான் வழி. ஒரு கப்பைத் துளையில் கையால் நிறுத்தி, கிராஸின் தண்டை அதற்குள் ஏற்றிப் பிடித்துக்கொண்டே வைஸை மெல்ல இறுக்குங்கள். தண்டு உள்ளே இருந்தால் ஊசி விழாது. எதிர்க் கப்பையும் அவ்வாறே. கப் சர்க்கிளிப் காடி வரை வராமல் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் நிறுத்துங்கள். ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் குறுக்கே கிடக்கிறது. அதற்கு மேல் இறுக்கினால் ஊசி உடையும், கப்பும் போகும். திரும்பக் கழற்றி அடுக்கிவிட்டு மாட்டுங்கள்.

நான்கு கிளிப்புகளும் காடியில் முழுதாக உட்கார்ந்தபின் கிராஸை அசைத்தால் இறுக்கமாக இருக்கும். கவையின் காதுகளைப் பித்தளைச் சுத்தியலால் வெளியிலிருந்து இலேசாகத் தட்டுங்கள், கப்புகள் கிளிப்பை ஒட்டி நகர்ந்து இறுக்கம் தளரும். எந்தத் திசையிலும் கடிக்காமல், ஒரே அழுத்தத்தில், ஆட்டமின்றி அசைய வேண்டும்.

பல் இணைப்பைத் துடைத்து, கிரீஸ் தடவி, குறி பார்த்து நுழைத்துவிடுங்கள். இங்கே கிரீஸை அளவோடு போடுங்கள். உள்ளே அடைத்துவிட்டால் ஷாஃப்ட் சுருங்கும்போது கிரீஸுக்குப் போக இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸின் பேரிங்கை இடிக்கும். பாரம் தாங்குவதற்காக ஸ்பிரிங் பட்டை கூட்டிய வண்டிகளில் ஷாஃப்ட் முன்பைவிட வெளியே இழுபட்டு நிற்கும், கோணமும் கூடியிருக்கும். முன் ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டுப் பல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள், குறைவாக இருந்தால் ஷாஃப்ட்டை நீட்டித் தரச் சொல்லுங்கள்.

பழைய யூ போல்ட்டையும் நட்டையும் திரும்பப் போடாதீர்கள், புதியது வாங்குங்கள். யூ போல்ட்டை வெறிகொண்டு இறுக்கினால் கப் நசுங்கி ஊசிகள் இறுகிவிடும். இரு பக்கமும் மாற்றி மாற்றி, கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு நிப்பிளில் லித்தியம் ஈ.பி. 2 கிரீஸை, நான்கு கப்புகளின் சீலிலிருந்தும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்தப் பக்கம் அடைத்திருக்கிறது. ஷாஃப்ட்டை ஆட்டிக்கொண்டே அடித்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் போல்ட்டுகளை ஒரு முறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். பிறகு மாதம் ஒரு முறை பின் ஷாஃப்ட்டுக்குக் கிரீஸ் அடிக்கும் அதே நேரத்தில் முன்னுக்கும் அடியுங்கள். ஆற்றில் இறங்கி ஏறிய நாளில் மாதக் கணக்குப் பார்க்காமல் அன்று மாலையே அடித்துவிடுங்கள்.