கீபோர்டு உயரம்: டைப் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோள் வலிக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது என்றதும் பலர் முதலில் செய்வது புது கீபோர்டு வாங்குவதுதான். அதிலும் தீரவில்லை என்றால் ஜெல் வைத்த மவுஸ் பேடு. மேசையை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

வீட்டுச் சாப்பாட்டு மேசையையோ அலுவலக மேசையையோ டேப் வைத்து அளந்து பாருங்கள். ஏறக்குறைய 30 அங்குலம், அதாவது 75 செ.மீ. வரும். தட்டு வைத்துச் சாப்பிடவும் பேனா பிடித்து எழுதவும் அந்த உயரம் சரி. டைப் செய்வதற்கு அது அதிகம். 5 அடி 3 அங்குலம் உள்ள ஒருவர் பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு முழங்கையை மடக்கினால், முழங்கை தரையிலிருந்து சுமார் 62 செ.மீ. உயரத்தில் நிற்கும். மேசை 75, அதன் மேல் கீபோர்டின் தடிமன் 2 அல்லது 3. வித்தியாசம் அரை அடி. அந்த அரை அடியை ஈடுகட்டுவது தோள்பட்டை. நாள் முழுக்க அது லேசாகத் தூக்கியபடியே இருக்கும், நமக்குத் தெரியாது. சாயங்காலம் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டதும்தான் தெரியும். 5 அடி 8 அங்குலக்காரருக்கும் 10 செ.மீ. இடிக்கும்.

டைப்ரைட்டர் காலத்தில் இதைக் கவனித்திருக்கிறார்கள். அதற்கென்று செய்த மேசைகள் எழுதும் மேசையைவிடத் தாழ்வாக, 26, 27 அங்குலத்தில் இருக்கும். கம்ப்யூட்டர் வந்தபோது கையில் கிடைத்த எழுத்து மேசையில் ஏற்றி வைத்தார்கள். அப்படியே நிலைத்துவிட்டது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது முழங்கை. ஸ்கிரீன் அப்புறம். கீபோர்டின் நடு வரிசை முழங்கை மட்டத்திலோ, அதைவிட ஓரிரு செ.மீ. கீழேயோ இருக்க வேண்டும். ஸ்கிரீனின் உயரத்தைச் சரிசெய்துவிட்டு, கையை அதற்கேற்ப வளைத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

மேசை உயரமென்றால் நாற்காலியை ஏற்றலாம். இங்கே பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நாற்காலி ஏறியதும் கால் அந்தரத்தில் தொங்கும், இருக்கையின் முன்விளிம்பு தொடையை அழுத்தும், கால் மரத்துப்போகும். பிறகு தன்னையறியாமல் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, முதுகுச் சாய்வை விட்டுவிடுவார்கள். நாற்காலியை ஏற்றினால் காலுக்கு ஏதாவது வைத்தே ஆக வேண்டும். கடையில் விற்கும் ஃபுட்ரெஸ்ட்தான் வேண்டுமென்பதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் மணைப்பலகை போதும். உயரம் போதாவிட்டால் அடியில் கெட்டியான பழைய புத்தகங்கள். பிளாஸ்டிக் நாற்காலியை ஏற்ற முடியாது, எனவே மேலே ஒரு மெத்தை. உட்கார்ந்ததும் அமுங்கிப்போகும் பஞ்சுத் தலையணை உதவாது. நாலாக மடித்த ஜமுக்காளம் அதைவிட நன்றாக நிற்கும்.

ஒருவர் மட்டுமே உட்காரும் மர மேசை என்றால் எனக்குப் பிடித்த வழி வேறு: ஆசாரியைக் கூப்பிட்டு நாலு காலிலும் மூன்று அங்குலம் அறுத்துவிடுவது. விலை கூடின நாற்காலி வாங்குவதைவிடச் செலவு குறைவு. அறுப்பதற்கு முன்னால் மேசைக்கு அடியில் உங்கள் தொடைக்கு இடம் இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிராயர் வைத்த மேசையில் இந்த யோசனை சரிப்படாது.

கம்ப்யூட்டர் டேபிள் என்று விற்பதில் கீபோர்டுக்கென்றே ஓர் இழுப்புப் பலகை இருக்கும். பல வீடுகளில் அதில் சார்ஜர், பில், காலாவதியான மாத்திரை அட்டையெல்லாம் கிடக்கும். கீபோர்டு மேலே ஏறியிருக்கும். சரியான உயரத்தில் இருப்பது அந்தப் பலகைதான். அதைக் காலி செய்து கீபோர்டைக் கீழே இறக்குங்கள். அதிலும் ஒரு வம்பு உண்டு. பலகை குறுகலாக இருந்தால் மவுஸுக்கு இடம் இருக்காது, மவுஸ் மட்டும் மேலேயே தங்கிவிடும். இடது தோளில் ஒன்றுமில்லை, வலது தோள் மட்டும் வலிக்கிறது என்பவர்கள் மவுஸ் எந்த உயரத்தில், எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. இரண்டும் ஒரே தளத்தில், பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வலப்பக்க எண் பட்டைகளை, அதாவது நம்பர் கீகளை, நீங்கள் தொடுவதே இல்லை என்றால், அவை இல்லாத குட்டை கீபோர்டு வாங்கினால் மவுஸ் சுமார் மூன்று அங்குலம் உள்ளே வந்துவிடும். டேலியில் கணக்குப் போடுபவர்களுக்கு இது பொருந்தாது.

அடுத்தது கீபோர்டுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கும் இரண்டு குட்டிக் கால்கள். இருக்கிறதே என்று எல்லோரும் நிமிர்த்திவிடுகிறார்கள். கீபோர்டு பார்ப்பதற்கு எடுப்பாகத்தான் இருக்கும். எழுத்தைப் பார்த்துப் பார்த்து அடிப்பவர்களுக்குக் கண்ணுக்கும் வசதி. மணிக்கட்டுக்கோ அது கெடுதல். பின்பக்கம் உயர உயர, கை மேல்நோக்கி மடங்கும். ஒரு ஸ்கேலை எடுத்துப் புறங்கையிலிருந்து முன்கை வரை படுக்க வைத்து, டைப் செய்யும் நிலையில் பாருங்கள். ஸ்கேல் இரண்டிலும் ஒட்டிப் படிந்தால் மணிக்கட்டு நேராக இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே ஸ்கேலுக்கடியில் சந்து தெரிந்தால் மடங்கியிருக்கிறது. கால்களை மடக்கிவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள், சந்து குறைந்திருக்கும். கீபோர்டு முழங்கையைவிடத் தாழ்வாக இருந்தால் முன்பக்க அடியில் ஒரு மெல்லிய மரச்சட்டம் வைத்து எதிர்ப்பக்கமாகச் சாய்ப்பதும் நல்லதே.

மடங்கினால் என்ன? மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கம் எலும்பும் ஒரு தடித்த தசைநாரும் சேர்ந்த குறுகலான வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. மணிக்கட்டை மேலேயோ கீழேயோ மடக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். மணிக்கட்டுக்கென்று விற்கும் மெத்தைகளிலும் இதனால்தான் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அவற்றின் மேல் மணிக்கட்டைப் பதித்துக்கொண்டே டைப் செய்தால், அந்த வழியை வெளியிலிருந்தும் அழுத்துகிறோம். யோசிக்கும்போது, படிக்கும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியை அதில் வைக்கலாம். விரல் ஓடும்போது கை மிதக்க வேண்டும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மெஷினில் பட்டைகள் படிக்கட்டு மாதிரி உயர்ந்திருக்கும், மணிக்கட்டை வைக்க இடமே கிடையாது. தவிர, வரி முடியப்போகும்போது மணி அடிக்கும், இடது கையால் லிவரைத் தள்ள வேண்டும், பக்கம் முடிந்தால் தாளை மாற்ற வேண்டும். கைக்கு ஓயாமல் வேறு வேறு வேலை. கம்ப்யூட்டரில் அந்த இடைவேளை தானாக வராது, நாமாகத்தான் எழுந்து நடக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவையாவது. மெஷினில் பழகியவர்களிடம் ஒரு குறையும் உண்டு: பட்டையைக் குத்தி அடிப்பார்கள். இப்போதைய கீபோர்டுக்கு அந்தப் பலத்தில் சிறு பங்கு போதும்.

லேப்டாப்பில் ஸ்கிரீனும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால் ஒன்று சரியானால் இன்னொன்று கெடும். கழுத்து வலிக்கிறது என்று ஸ்டாண்டு வாங்கி, லேப்டாப்பை உயர்த்தி, அதே கீபோர்டில் டைப் செய்கிறார்கள். கழுத்து தப்பும், தோளும் மணிக்கட்டும் மாட்டிக்கொள்ளும். ஸ்டாண்டு வாங்கினால் கூடவே தனி கீபோர்டும் மவுஸும் வேண்டும். சாதாரணமானதே போதும். எண் பட்டைகளோடு வரும் பெரிய லேப்டாப்பில் எழுத்துப் பகுதி இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஸ்கிரீனுக்கு நேராக உட்கார்ந்தால் கை இரண்டும் இடதுபக்கம் திரும்பும். தனி கீபோர்டிலும் இதே கதைதான். பட்டைகளில் ஜி, எச் இரண்டுக்கும் நடுவிலான இடம் தொப்புளுக்கு நேராக வரும்படி கீபோர்டை நகர்த்துங்கள்.

தரையில் சம்மணமிட்டு வேலை செய்வதில் தப்பில்லை. கணக்கு அதே கணக்குதான். சம்மணமிட்டால் முழங்கை தரையிலிருந்து 8, 9 அங்குலத்தில் இருக்கும், மடக்கு மேசைகளோ பெரும்பாலும் 10, 11 அங்குலம். உட்காரும் இடத்தில் ஒரு கெட்டி மெத்தை போட்டுக்கொண்டால் போதும். படுக்கையில் லேப்டாப்பைத் தொடையில் வைத்துக்கொண்டு தினமும் நாலு மணி நேரம் என்றால் எந்த அளவைச் சொல்லியும் பிரயோஜனமில்லை.

வலி எங்கே என்பதையும் கவனியுங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போனால் மேலே சொன்ன மணிக்கட்டு நரம்பு நெரிபடுகிறது என்று சந்தேகிக்கலாம். சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் மரத்தால் பெரும்பாலும் முழங்கையில் ஓடும் வேறொரு நரம்பு. மேசை விளிம்பிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றுகிறீர்களா என்று பாருங்கள். இரவில் கை மரத்துத் தூக்கம் கலைகிறது, டம்ளர் கை நழுவுகிறது என்றால் மேசையை அளப்பதை நாளைக்கு வைத்துக்கொண்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.