தோப்பு வீட்டில் நின்றுபோன குட்டி ஏடிவி

பொள்ளாச்சிப் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும், தோப்பு வீடுகளிலிருந்து குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருவார்கள், பிள்ளைகள் ஓட்டும் குட்டி நாலு சக்கர வண்டியை, அதாவது 110 சிசி ஏடிவியை. போன லீவில் ஆசையாக வாங்கியது, ஜூனில் ஷெட்டில் நிறுத்தியது, அப்புறம் யாரும் தொடவில்லை. "இன்ஜின் போச்சுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சிலிண்டர் முன்பக்கமாகப் படுத்திருக்கும் சின்ன இன்ஜின் அது, பழைய ஹோண்டா கப் வண்டியின் வம்சம். நூறு சிசி பைக்கைப் பிரித்துப் பழகியவருக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை.

போன வருடம் வந்த ஒரு வண்டியில், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டி, காயில் இரண்டும் ஏற்கெனவே புதிதாக மாட்டியிருந்தது. வேறொரு இடத்தில் மாற்றியதாம். இருந்தும் பிளக்கில் கரண்ட் இல்லை. பின்பக்கம் சீட்டுக்குக் கீழே சிவப்புக் கயிறு மாட்டும் சின்ன சுவிட்ச் ஒன்று உண்டு. கயிற்றைப் பிடித்தபடி பெரியவர் பின்னால் நடப்பார், பிள்ளை தாறுமாறாகப் போனால் இழுத்துவிடுவார், இன்ஜின் நின்றுவிடும். அந்த சுவிட்சுக்குள் பச்சையாகப் பூத்து, கயிறு மாட்டியிருந்தும் இழுத்த மாதிரியே வேலை செய்துகொண்டிருந்தது. அதன் வயர் கப்ளரைக் கழற்றினேன், பிளக்கில் நீலமாகப் பொறி வந்தது. காயிலுக்குக் கொடுத்த காசு தண்டம்.

ஆகவே கரண்ட் வரவில்லை என்றால் முதலில் கட்-ஆஃப்களைப் பாருங்கள்: சாவி, ஹேண்டிலில் இருக்கும் சிவப்பு பட்டன், பின்னால் இருக்கும் கயிறு. சில வண்டிகளில் ரிமோட்டும் உண்டு. பிளக்கைக் கழற்றி கேப்பில் மாட்டி, அதன் உடம்பு இன்ஜினில் படும்படி வைத்து செல்ஃப் அடியுங்கள். பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். செல்ஃப் அடித்தால் சத்தமே இல்லையா? பிரேக் லீவரை அழுத்திக்கொண்டு அடித்துப் பாருங்கள், பல வண்டிகள் அப்படித்தான் ஸ்டார்ட் ஆகும். 'டிக்' என்று மட்டும் கேட்டால் பேட்டரி. மீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். அது சின்ன பேட்டரி, கார் சார்ஜரில் வேகமாக ஏற்றினால் வெந்துவிடும்.

சுவிட்ச் கெட்டிருந்தால் கழற்றிய வயரை மாட்டாமல் அப்படியே விட்டுவிட்டு "ஓடுதே, போதும்" என்று கொண்டுபோகப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பயத்தில் பிரேக் ஞாபகம் வராது, ஆக்சிலேட்டரை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். புது சுவிட்ச் வரும்வரை வண்டி பட்டறையிலேயே நிற்கட்டும்.

கரண்ட் வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோல். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பழைய பெயிண்ட் டப்பா வாடை அடித்தால் மொத்தத்தையும் வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பல மாதம் நின்றால் கார்ப்ரேட்டர் கிண்ணத்தில் மஞ்சள் பிசினும் வெள்ளைத் தூளும்தான் மிஞ்சும். பெட்ரோல் டியூபையும் மடக்கிப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் டேப்பைப் பூட்டிவிட்டு கார்ப்ரேட்டரைக் கழற்றுங்கள். கழற்றும் முன் கேபிள், டியூப் எல்லாம் எங்கே போகிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் மென்மையான உலோகம், சரியான அளவு ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கை வைத்தால் தலை மழுங்கிவிடும். உள்ளே பெட்ரோல் போகும் பொடி ஓட்டைத் திருகுகள்தான் ஜெட். நடுவில் இருப்பது மெயின் ஜெட். பக்கத்துக் குழிக்குள் ஒடுங்கி இருப்பது ஸ்லோ ஜெட், தகராறு பண்ணுவது இதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவு வட்டம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கார்ப்ரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிடுங்கள், அப்புறம் கம்ப்ரஸர் காற்று. அதற்கும் அசையாவிட்டால் கரண்ட் வயரில் ஒரே ஒரு செம்பு இழையை உருவி மெல்ல நுழையுங்கள். குண்டூசி, சேஃப்டி பின் எல்லாம் ஓட்டையைப் பெரிதாக்கிவிடும், அப்புறம் ஐடிலிங் ஒரே சீராக இருக்காது.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்துவிடுங்கள். தோப்பு வண்டியில் எலி தேங்காய் நாரைக் கொண்டுவந்து கூடு கட்டியிருக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவைத்து, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிசைந்து மாட்டுங்கள். பொடிந்து உதிர்ந்தால் புதிது.

ஆயில், பைக்குக்கு ஊற்றும் ஆயில்தான். டப்பாவில் ஜேஏஎஸ்ஓ எம்ஏ (JASO MA) என்று போட்டிருக்க வேண்டும். இதன் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே சுற்றுவது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்கக்கூடும். இந்த இன்ஜின்கள் பலவற்றில் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது, வெறும் சல்லடைதான். அதனால் 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அழுக்கு சேர்ந்து இறங்கும். டிரெய்ன் நட்டைப் பலம் காட்டி முறுக்காதீர்கள், கேசிங் அலுமினியம், மரை போய்விடும்.

டயரில்தான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். பஞ்சர் கடையில் பழக்கதோஷத்தில் 30 பவுண்டு அடித்துவிடுவார்கள். இந்த டயர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 பவுண்டுதான், டயர் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். கூடினால் வண்டி பந்து மாதிரி குதிக்கும், பிள்ளை தூக்கி எறியப்படும். பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் சேர்ந்து சுற்றுவதால், ஒன்றில் காற்று குறைந்தால் வண்டி ஒரு பக்கமே இழுக்கும். குறைந்த அளவு காட்டும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வண்டியைக் கல் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்றால் பேரிங்கோ ஆக்சில் நட்டோ. நட்டு தளர்ந்திருந்தால் இறுக்கி, நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம். செயினில் இரண்டு செ.மீ. ஆட்டம் இருக்கட்டும். பிரேக் லீவரை நீங்கள் பிடித்துப் பார்த்தால் போதாது, பிள்ளையை உட்காரவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த விரலுக்கு எட்ட வேண்டும்.

வேகம் பத்தவில்லை என்று சில அப்பாக்கள் சொல்வார்கள். கட்டைவிரல் ஆக்சிலேட்டருக்குப் பக்கத்தில் லாக் நட்டோடு ஒரு ஸ்க்ரூ இருக்கும், உள்ளே திருகினால் வேகம் குறையும். அதை வெளியே எடுக்கச் சொல்வதுதான் கோரிக்கை. பிள்ளை வளைவில் ஸ்லோ பண்ணப் பழகியதும் அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திறந்துவிடுங்கள், அவ்வளவுதான். ரோட்டில் விடவே கூடாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் ரோட்டில் ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் உண்டு.

ஜூனில் திரும்ப நிறுத்தும்போது பெட்ரோலைப் பூட்டிவிட்டு, தானாக அணையும்வரை இன்ஜினை ஓடவிடுங்கள். கார்ப்ரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். டேங்கையும் காலி செய்தால் இன்னும் நல்லது. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். எலிக்காக ஏர் பெட்டி வாயில் ஒரு துணி அடைத்தால், சாவியிலும் ஒரு துண்டுத் துணி கட்டிவிடுங்கள். போன மே மாதம் ஒருவர் ஏர் பெட்டித் துணியை எடுக்க மறந்து செல்ஃப் அடித்தே பேட்டரியைத் தீர்த்துவிட்டு, "கார்ப்ரேட்டர் போச்சுங்க" என்று குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்தார்.