வணிகப் பெயரைக் காப்பது டிரேட்மார்க்கா, பதிப்புரிமையா? தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

என் வணிகப் பெயரைப் பதிவு செய்யப் புறப்பட்டபோது நான் முதலில் நிரப்பியதே தவறான படிவம். அதற்குப் பாதிக் காரணம் ‘காப்புரிமை’ என்னும் சொல்: புத்தகத்தின் முதல் பக்கத்தில் அது பதிப்புரிமையைக் குறிக்கும், செய்தியில் கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட்டைக் குறிக்கும், பேச்சிலோ பெயர்ப் பதிவையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே இங்கே அச்சொல்லைத் தவிர்க்கிறேன்.

பதிப்புரிமை எழுத்து, ஓவியம், இசை போன்ற படைப்புகளுக்கு உரியது. 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அது பதிவு இல்லாமலே உண்டாகிவிடும். ஓரிரு சொற்களாலான பெயரைப் பொதுவாக யாரும் படைப்பாகக் கருதுவதில்லை என்பதால், லோகோவின் ஓவியத்துக்குப் பதிப்புரிமை இருக்கலாமே தவிர, பெயரைக் காப்பது, விற்பவர் யார் என்று காட்டும் அடையாளத்துக்கான டிரேட்மார்க்தான். நிறுவனத்தைப் பதிவு செய்துவிட்டதாலேயே பெயருக்கு டிரேட்மார்க் கிடைத்துவிடாது.

படி 1: பெயரைச் சோதியுங்கள். நோட்டுப் புத்தகத்துக்கு ‘நல்ல நோட்டு’ என்று வைத்தால், அது பொருளை வருணிக்கும் சொல் என்று மறுப்பார்கள். ‘நிலா’ என்றால் வாய்ப்பு உண்டு.

படி 2: தேடுங்கள். தேடுபொறியை நான் நம்புவதில்லை. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் இலவசக் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் தொடங்கி, பிறகு உங்கள் நாட்டின் டிரேட்மார்க் பதிவேட்டைப் பாருங்கள். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒத்திருந்தால் சிக்கல்தான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

படி 3: வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். நான் இடறி விழுந்த இடம் இது. பெயரை எந்தப் பொருளுக்கு அல்லது சேவைக்குக் கேட்கிறோம் என்பதை வகுப்பால்தான் குறிக்க வேண்டும். பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் நைஸ் வகைப்பாடு என்னும் சர்வதேசப் பட்டியலில் பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. நோட்டுப் புத்தகம் 16-ஆம் வகுப்பு என்று கண்டுபிடித்து, அதோடு நிம்மதியாக விண்ணப்பித்தேன். சில மாதங்களில் அதே பெயரில் துணிக் கைப்பைகளும் விற்கத் தொடங்கியபோதுதான், காகிதப் பை 16-இலும் கைப்பை 18-இலும் வருவது தெரிந்தது. தாக்கல் செய்த விண்ணப்பத்தில் பொருள்களைக் குறைக்கலாம், கூட்ட முடியாது என்பதே பொது விதி. ஆகவே புதிய விண்ணப்பம், மீண்டும் கட்டணம். அடுத்து என்ன விற்கப்போகிறீர்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு வகுப்பைத் தேடுங்கள். அதற்காக 45-ஐயும் கேட்காதீர்கள், ஏனெனில் தொடர்ந்து பயன்படுத்தாத பதிவை நீக்கும்படி பிறர் கோர முடியும்.

படி 4: தாக்கல் செய்யுங்கள். அதிகாரி ஆய்வார், பெயர் வெளியிடப்படும், எதிர்ப்பவர்களுக்கு அவகாசம் தரப்படும். பதிவாகும்வரை ‘டிஎம்’ (டிரேட்மார்க்) குறியை மட்டும் இடுங்கள். வட்டத்துக்குள் ‘ஆர்’ என்னும் குறியைப் பதிவுக்கு முன்பே இடுவது பல நாடுகளில் குற்றம். பதிவைப் பெரும்பாலும் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: வெளியாள் வரைந்து கொடுத்த லோகோ யாருடையது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பணம் கொடுத்துவிட்டாலும், எழுத்தில் மாற்றித் தராதவரை பதிப்புரிமை பல நாடுகளில் வரைந்தவரிடமே இருக்கும். உரிமை மாற்றக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.