கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டு: செய்யக்கூடாத தவறுகள்

கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குச் சொட்டு மருந்தை விளக்கிச் சொல்வது என் வேலை. கையைக் கழுவுங்கள், சீசா முனை கண்ணில் படக்கூடாது என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஆட்கள்தான் மாறுகிறார்கள், கீழே உள்ள தவறுகள் மாறுவதே இல்லை.

குலுக்காமல் விடுவது

அழற்சியைக் குறைக்க அடிக்கடி எழுதித் தரப்படும் ஸ்டீராய்டு சொட்டான பிரெட்னிசலோன் அசிடேட் வெள்ளையாக, கலங்கலாக இருக்கும். மருந்து கரையாமல் துகளாக மிதப்பதால் வைத்த இடத்தில் அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள்.

கண் தெளிந்ததும் நிறுத்துவது

சிவப்பு போய்விட்டது, டிவி பளிச்சென்று தெரிகிறது, சரி இனி எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே புண் ஆறியிருக்காது. பல இடங்களில் தினம் ஆறு வேளையில் தொடங்கி, ஒவ்வொரு வாரமும் ஒரு வேளை வீதம் குறைத்து எழுதித் தருவது, சட்டென்று நிறுத்தினால் அழற்சி திரும்பும் என்பதால்தான்.

மிச்சமிருந்த சீசா

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பெண், கதிரடிக்கும்போது கண்ணில் நெல் உமி பட்டிருக்கிறது. மாமியாரின் ஆபரேஷனுக்கு வாங்கிய சொட்டு ஃபிரிட்ஜ் கதவில், லேபிள் பாதி அழிந்து கிடந்திருக்கிறது, அதை எடுத்து விட்டிருக்கிறார். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது, வலியும் குறைந்தது, அதனால் நல்ல மருந்து என்று தொடர்ந்து விட்டிருக்கிறார். எங்களிடம் வரும்போது கருவிழியில் சாம்பல் நிறத்தில் புண், பூஞ்சைத் தொற்று. பூஞ்சையைக் கொல்லும் நாட்டமைசின் சொட்டை மணிக்கொரு தரம் விட்டுப் புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது, பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அமுக்குமே தவிர கிருமியைக் கொல்லாது, கிருமியோடு போராடும் உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கிவிடும். ஹெர்பிஸ் வைரஸ் புண்ணிலும் இதே கதைதான். அதனால்தான் குணமான மாதிரி தெரிவதை நம்பாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. ஆனாலும் கண் சிவப்பு என்று கேட்டதுமே எடுத்து நீட்டும் கடைகள் இருக்கின்றன. கோர்ஸ் முடிந்த அன்றே மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

இரண்டு வகைச் சொட்டு மருந்தை அடுத்தடுத்து விடுவது

ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

செக்கப்பைத் தள்ளிப்போடுவது

சிலருக்கு ஸ்டீராய்டு சில வாரங்களிலேயே கண் பிரஷரை ஏற்றிவிடும். சாதாரணமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டியது, பெரும்பாலும் வலியே இல்லாமல் ஏறும், அப்புறம் கண் நரம்பு கெட்டால் போன பார்வை போனதுதான். சொன்ன தேதியில் போய்ப் பிரஷர் பாருங்கள். வீட்டில் யாருக்காவது குளுக்கோமா (கண் நரம்பு கெடும் நோய்) இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.