'முடியும்' என்று சொல்வதற்கு முன்னால்: உதவித் தேவை மதிப்பீட்டுக்குத் தயாராவது எப்படி

என் தம்பி தென்னையிலிருந்து விழுந்தவன். கழுத்துப் பக்கம் தண்டுவடம் அடிபட்டு, கால் இரண்டும் அசையாது. கையைத் தூக்குவான், விரல் மடங்காது. அவனுக்கு என்னென்ன உதவி தேவைப்படுகிறது என்று கேட்டு எழுத முதல் தடவை வீட்டுக்கு ஆள் வந்த அன்றைக்கு நாங்கள் செய்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குமரி மாவட்டத்தில் முக்கால்வாசி வீடுகளில் இதைத்தான் செய்வார்கள்.

அம்மா முந்தின நாளே வீட்டையும் முற்றத்தையும் பெருக்கிக் கழுவிவிட்டாள். காலையில் அவனுக்கு முகம் மழித்து, வெளுத்த வேட்டியும் புதுச் சட்டையும் போட்டு, சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, யூரின் பேக் வெளியே தெரியாமல் மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, தட்டில் ஏத்தன்காய் சிப்ஸ் வைத்து, சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குக் காத்திருப்பது போல் காத்திருந்தோம். வந்தவர் நல்ல மனிதர்தான். "தம்பி, நீங்களே சாப்பிடுவீங்களா?" "சாப்பிடுவேன் சார்." "சட்டை போடுவீங்களா?" "போடுவேன் சார்." அம்மா கதவோரம் நின்றுகொண்டு, "அவனுக்கு ஒரு குறையும் இல்ல சார், நாங்க நல்லா பாத்துக்கிடுதோம்" என்றாள். இருபது நிமிஷத்தில் முடிந்தது. படிவத்தில் பாதிக்கு மேல் 'தானாகச் செய்கிறார்'.

யாரும் பொய் சொல்லவில்லை. அவன் சாப்பிடுவான்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒருவர் அவனைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், சரிந்துவிடாமல் இரண்டு பக்கமும் தலையணை கொடுக்க வேண்டும், கையில் பட்டை கட்டி அதில் கரண்டியைச் செருக வேண்டும், சாளைக் குழம்பு என்றால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் 'சாப்பிடுவேன்' என்ற ஒரே சொல்லுக்குள் காணாமல் போய்விட்டது. இந்த நேர்காணலுக்குத் தயாராவதென்றால் பெரும்பாலும் இதுதான்: 'முடியும்' என்று சொல்லும்போது அதற்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது என்று முன்கூட்டியே யோசித்து வைப்பது.

சதவீதத்தையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். யூடிஐடி கார்டில், அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில், இருக்கும் சதவீதம் உடலில் பாதிப்பு எவ்வளவு என்று சொல்வது. உதவித் தேவை வேறு கணக்கு. ஒரே 80 சதவீதக்காரர்கள் இரண்டு பேரில் ஒருவர் மார்த்தாண்டத்தில் கடை வைத்து நடத்துவார், இன்னொருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இதற்குத் தனியாக 38-ஆம் பிரிவு இருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர் தனக்கு உயர் ஆதரவு, அதாவது அன்றாட வாழ்க்கைக்கே தீவிரமான உதவி, தேவை என்று நினைத்தால் தானே விண்ணப்பிக்கலாம், அவர் சார்பில் இன்னொருவரோ ஓர் அமைப்போகூட விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக் குழு பார்த்துவிட்டு உதவி தேவையா என்பதோடு எந்த மாதிரி உதவி என்பதையும் அறிக்கையாகத் தர வேண்டும். இது போக, மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் வீடு வீடாக வந்து கணக்கெடுக்கிறார்கள். மாத பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாலும் விசாரணை உண்டு. யார் வந்தாலும் எந்தப் படிவமாக இருந்தாலும் கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்.

அந்த இடம் என்னவென்றால்: எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எந்த வகை உதவி. அமெரிக்காவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 2004-இல் வந்த ஓர் அளவுகோல் இந்த மூன்றுக்கும் தனித்தனியாக 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறது. நம்மூர்ப் படிவத்தில் மதிப்பெண் அப்படியே இருக்காது, ஆனால் யோசிக்க நல்ல வழி. அதில் 'வகை' என்பதைப் பார்த்தால் நமக்குக் கண் திறக்கும்: ஒன்றுமே வேண்டாம் என்பது 0, பக்கத்தில் இருந்து ஒரு கண் வைத்தால் போதும் என்றால் 1, வாயால் சொல்லியோ சைகை காட்டியோ செய்ய வைப்பது 2, பாதிக்குக் கை கொடுப்பது 3, முழுக்க நாமே செய்வது 4. அதாவது வெறுமனே கண் வைத்துக்கொண்டு நிற்பதும் உதவிக் கணக்கில் வரும். நம் வீடுகளில் அதை வேலையாகவே யாரும் நினைப்பதில்லை.

எங்கள் அடுத்த வீட்டில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, அறிவுசார் குறைபாடு. "தானா குளிப்பாளா?" என்று கேட்டால் அவள் அம்மா உடனே "ஆமா" என்பார். நிஜத்தில் அந்த அம்மா குளிமுறிக்கு வெளியே நின்று, "தண்ணி ஊத்து, சோப்பு போடு, கழுத்துல போடு, இன்னும் ஊத்து, போதும் மோளே, தொட" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் அவளும் அப்படியே நின்றுவிடுவாள். தினமும் முப்பது நிமிஷம், வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு கிடையாது. இதை யார் போய் 'தானாகக் குளிக்கிறார்' என்று எழுத முடியும்? ஆனால் அந்த அம்மா சொன்னால் எழுதத்தான் செய்வார்கள்.

அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி தெரிந்ததும், இல்லை தெரியாமலேயே, ஏழு நாள் விடாமல் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். எங்கள் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது:

'ராத்திரி 12 மணி, அம்மா திருப்பிப் போட்டாள். 2 மணி, மறுபடி. 4 மணி, நான். 5.30, யூரின் பேக் காலி செய்து அளவு பார்த்தது. 6 முதல் 6.50 வரை வெளிக்குப் போக வைத்து, கழுவி, துணி மாற்றியது, இரண்டு பேர். 7, கால் மடக்கி நீட்டும் பயிற்சி, 25 நிமிஷம். 8.10, நாற்காலிக்குத் தூக்கியது, நானும் பக்கத்து வீட்டு அண்ணனும். 8.30, சாப்பாடு, 35 நிமிஷம். 11, காலில் துடிப்பு வந்து நாற்காலியிலிருந்து நழுவினான், தூக்கி உட்கார வைத்தது.'

மதியம் வரைக்குமே ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. நாங்களே அப்போதுதான் கூட்டிப் பார்த்தோம். இரவையும் சேர்த்து எழுதுவது முக்கியம், ஏனென்றால் நேர்காணலில் "ராத்திரி எப்படி?" என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. உதவுகிறவரின் பெயரும் வயதும் எழுதுங்கள். எங்கள் அம்மாவுக்கு 63, முட்டு வலி, அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் வீடு எப்படி நடந்தது என்பதும் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

நல்ல நாளை மட்டும் எழுதாதீர்கள். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, ரோட்டிலிருந்து செங்கல் பொடியும் மண்ணுமாக ஏறுகிற ஒரு வழி. மழை பெய்தால் சக்கரம் புதைந்து நாற்காலி நகராது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். மூத்திரத் தொற்று வந்தால் காய்ச்சலும் துடிப்பும் சேர்ந்து அந்த வாரம் முழுக்க அவன் கையைக்கூடச் சரியாகத் தூக்க மாட்டான். இதெல்லாம் மாதத்தில் எத்தனை நாள் என்று ஒரு கணக்கு இருக்கட்டும். மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அவர்களை அளக்கும் நம் நாட்டு அளவுகோல் தன்னைப் பராமரித்தல், மற்றவர்களோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை என்று நாலையும் பார்க்கும். நேர்காணல் அன்றைக்கு அவர் தெளிவாக உட்கார்ந்து பேசிவிட்டால் அதுதான் எப்போதும் என்று தோன்றிவிடும். பழைய மருந்துச் சீட்டுகளும், கடைசி ஒரு வருஷத்தில் மோசமான நாட்கள் எப்போதெல்லாம் வந்தன என்ற குறிப்பும் கையில் இருக்கட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சொந்தத்தில் ஒரு மாமாவாவது வந்து, "எது கேட்டாலும் முடியாதுன்னு சொல்லு, அப்பதான் கிடைக்கும்" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போவார். கேட்காதீர்கள். போனே பிடிக்க மாட்டான் என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் விரல் முட்டியால் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பான், கேட்க வந்தவர் பார்ப்பார், அதோடு நீங்கள் சொன்ன உண்மைகளும் சேர்ந்து போகும். அதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது அவன். தன்னால் ஒன்றுக்குமே ஆகாது என்று தன் வீட்டாரே வரிசையாகச் சொல்வதைக் கேட்பது லேசான காரியமில்லை. செய்வதைச் 'செய்வான்' என்று சொல்லுங்கள், அதற்கு என்ன தேவை என்பதைக் கூடவே சொல்லுங்கள். "போன் பார்ப்பான், ஸ்டாண்டில் மாட்டிக் கொடுத்தால். கீழே விழுந்தால் எடுக்க ஆள் வேண்டும்." இவ்வளவு போதும்.

முதலில் பேச வேண்டியது யாருக்கு உதவி தேவையோ அவர்தான். பேச்சு தெளிவில்லாதவர், மெதுவாகப் பேசுகிறவர் என்றால், "கொஞ்சம் நேரம் கொடுங்க சார், அவரே சொல்வார்" என்று நாம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். (எங்கள் அம்மாவுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.) காது கேளாதவர் என்றால் சைகை மொழி தெரிந்தவர் வேண்டும் என்று தேதி சொல்லும்போதே கேட்டுவிடுங்கள், அன்றைக்குப் போய்க் கேட்டால் வீட்டில் உள்ளவர்தான் மொழிபெயர்க்க வேண்டிவரும், அவர் தனக்குத் தோன்றியதைத்தான் சொல்வார். கக்கூஸ், மாதவிடாய், துணி மாற்றுவது பற்றிய கேள்விகள் கட்டாயம் வரும். பெண் பிள்ளைகளிடம் பெண் பணியாளர் தனியாகக் கேட்கட்டும் என்று சொல்வதில் தப்பே இல்லை. பக்கத்து வீட்டார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் நானே உண்மையைச் சொல்ல மாட்டேன்.

காகிதம்: யூடிஐடி, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி மருந்துச் சீட்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். அசல் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வீட்டுக்கு வந்தால் வீட்டை வழக்கம்போல் வைத்திருங்கள். பெருக்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் யூரின் பேக்கைத் துண்டு போட்டு மூடாதீர்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் வழக்கமாக இருக்கிற பேசினும் கையுறையும் அங்கேயே இருக்கட்டும். குளிமுறிக்கு எத்தனை படி, வாசல் எவ்வளவு அகலம், நாற்காலி உள்ளே போகுமா என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நாங்கள் இரண்டாம் தடவை காட்டினோம், வந்த அம்மா டேப் வைத்து அளந்தே பார்த்தார்.

நாகர்கோவிலுக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வரச் சொன்னால் கதை வேறு. குலசேகரம் பக்கத்திலிருந்து வண்டி பிடித்து வந்து, வரிசையில் காத்திருந்து, உள்ளே கூப்பிடும்போது ஆளே சோர்ந்துபோயிருப்பார். காத்திருக்கும் நேரத்திலும் மருந்து மருந்து நேரத்துக்குப் போக வேண்டும். மாற்றுத் துணி, விரிப்பு, சாப்பாடு எல்லாம் கட்டிக்கொள்ளுங்கள். கொண்டுவரவே முடியாத நிலை என்றால், வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மருத்துவர் கடிதத்தோடு எழுதிக் கேளுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பது இன்னொரு வழி. வாயால் கேட்டால் 'பாக்கலாம்' என்ற பதிலோடு நின்றுவிடும்.

என்ன வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் "ஏதாவது செஞ்சு குடுங்க சார்" என்று கை கூப்பாதீர்கள். அதைப் படிவத்தில் எழுத இடம் கிடையாது. காற்று மெத்தை, தலை சாய்க்கிற மாதிரி நாற்காலி, கமோடு நாற்காலி, வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், பகலில் நாலு மணி நேரத்துக்கு ஓர் உதவியாளர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தேவையை அவர்கள் பதிவு செய்தால்தான் நாளைக்குத் திட்டம் வரும்போது பெயர் இருக்கும். தம்பியைக் கேட்டபோது அவன் இதில் ஒன்றையும் சொல்லவில்லை, சாயங்காலம் ஜங்ஷன் வரைக்கும் போய் வர ஆள் வேண்டும் என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள். சட்டத்தில் உயர் ஆதரவு என்பதற்கு உள்ள விளக்கத்தில் குடும்ப வாழ்க்கை, சமூக வாழ்க்கை எல்லாம் இருக்கிறது, அதனால் கூச்சப்பட வேண்டாம்.

கையெழுத்து போடும் முன் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவசரம் என்பார்கள், சரி சார், இரண்டு நிமிஷம் என்று சொல்லுங்கள். விண்ணப்ப எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டு, விட்டால் படிவத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை வாசித்துக் காட்டியபோது 'உணவு: தானாக உண்கிறார்' என்று வந்தது, அம்மா என்னைப் பார்த்தாள், நான் வாய் திறக்கும் முன்னால் தம்பியே, "மேடம், முள்ளு எடுத்துத் தர ஆள் வேணும், அதையும் போட்டுக்கோங்க" என்றான். அவர் அடித்துவிட்டு மேலே எழுதினார்.