டயர் உரசும் பம்பர் மூலையை வெட்டிச் சீராக்குவது எப்படி?

ஒரு சைஸ் பெரிய டயர் போட்டால் கோத்தகிரி தோட்டத்து மண் பாதையில் அடி தட்டாது. ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் கரகரவென்று சத்தம் வர ஆரம்பிக்கும். ஷெட்டில், சமதரையில் ஒடித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஊட்டி–மசினகுடி மலைப்பாதையான கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கோடு இறங்கும்போது முன் ஸ்பிரிங் அமுங்கி, டயர் மேலேறி, பம்பரின் கீழ் மூலையைத் தேய்க்கும். அதனால் சமதரையில் குறித்து வெட்டிய வேலை மலையில் பாதி வேலைதான்.

உரசும் இடம்

டயரின் ஓரங்களில் சாக்பீஸை நன்றாகப் பூசுங்கள். 10 செ.மீ. உயரமுள்ள அகலமான மரக்கட்டை மேல் ஒரு முன் சக்கரத்தை ஏற்றினால் அந்தப் பக்க ஸ்பிரிங் அமுங்கும். இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். பார்ப்பவர் தள்ளி நிற்க வேண்டும். கை உள்ளே போகவே கூடாது. பம்பர் மூலையிலும், சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டு லைனரிலும் (சக்கரக் குழிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு) வெள்ளைத் தடம் விழும். அடுத்த சக்கரத்துக்கும் இதையே செய்யுங்கள்.

எந்த பிளாஸ்டிக்?

பம்பரைக் கழற்றினால் உட்புறத்தில் எழுத்து அச்சாகியிருக்கும். பி.பி. என்றால் பாலிபுரொப்பிலீன், பெரும்பாலான பம்பர்கள் இதுதான். வளையும், 160 டிகிரி வாக்கில் உருகும். ஏ.பி.எஸ். என்பது இன்னொரு வகை பிளாஸ்டிக், 100 டிகிரியைத் தாண்டியதுமே தொய்ந்துவிடும். வெளியே வாங்கி மாட்டிய ஃபைபர் பம்பர் என்றால் சூட்டில் வளைக்கவே முடியாது. அதை வெட்டும்போது பறக்கும் தூள் பட்டால் தோல் அரிக்கும், மாஸ்க்கும் கையுறையும் போடுங்கள்.

டிசம்பர், ஜனவரி காலையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி படியும் குளிரில் பாலிபுரொப்பிலீன் விறைத்துப் போகும். பம்பரைப் பிடித்திருக்கும் கிளிப்பை நெம்பினால், அதைத் தாங்கும் காதே ஒடியும். மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வெயில் இல்லாத நாளில் கிளிப் மேல் வெந்நீர் ஊற்றினாலே இளகும். அப்படியும் சில உடையும், ஐந்தாறு புதிய கிளிப் கையில் இருக்கட்டும். ஃபாக் லேம்ப் வயரையும், சில வண்டிகளில் லைனருக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி கழுவும் தண்ணீர் டேங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுதல்

தடத்தின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, தடத்தின் விளிம்பிலிருந்து 15 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். முதல் வெட்டு அந்தக் கோடு வரை போகாமல், தடத்தின் விளிம்பிலிருந்து 10 மி.மீ. மட்டும். வெட்டியதை ஒட்ட வைக்க முடியாது, மேலும் வெட்ட எப்போதும் முடியும். பம்பரைத் தாங்கும் காதுகளும் போல்ட் துளைகளும் கோட்டுக்குள் வந்தால் கோட்டை மாற்றுங்கள். வெட்டு உள்ளே திரும்பும் இடத்தில் முதலில் 6 மி.மீ. துளை போட்டு அதில் முடியுங்கள். கூர்மூலையாக விட்டால் தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் விரிசல் அங்கிருந்துதான் ஓடும்.

அங்குலத்துக்கு 18 பல் உள்ள ஹேக்ஸா பிளேடு போதும். 32 பல் பிளேடில் தூள் அடைத்துக்கொள்ளும். கிரைண்டர் வேண்டாம்: வேகத்தில் பிளாஸ்டிக் உருகி, வெட்டிய இடம் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். தூள் ஓடையில் சேராமல் கீழே பழைய தார்ப்பாய் விரித்து, மூட்டையாக அள்ளிவிடுங்கள்.

வளைத்துச் சீராக்குதல்

பம்பரின் மடிந்த விளிம்புதான் அதற்கு விறைப்பு தருவது. அதை வெட்டியதும் ஓரம் காற்றில் படபடக்கும். அதனால் புதிய ஓரத்தில் 10 மி.மீ. உள்ளே மடிக்க வேண்டும். ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) உட்புறத்திலிருந்து, 5 முதல் 7 செ.மீ. தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். வெளிப்பக்கம் காட்டினால் பெயிண்ட் கொப்பளிக்கும். கையுறையோடு அழுத்தினால் தோல்போல் மடங்கும் பதம் வரும். மரக்கட்டையால் அழுத்தி, ஈரத்துணி போட்டு, ஒரு நிமிடம் பிடியுங்கள். கொஞ்சம் பின்வாங்கும், எனவே தேவைக்கு மேல் சற்றே மடியுங்கள். மடிப்பில் வெண்கோடு தெரிந்தால் சூடு பற்றவில்லை. லேசாகக் காட்டினால் பெரும்பாலும் மறையும்.

வெட்டிய ஓரத்தில் உப்புத்தாள் போட்டால் பஞ்சு பஞ்சாக எழும்பும். கத்தியை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டி, அரத்தால் முடித்து, ரப்பர் யூ பீடிங் (ஓரத்தில் செருகும் U வடிவப் பட்டை) மாட்டுங்கள். பெயிண்ட் அடித்தே தீர வேண்டுமென்றால் அதற்குமுன் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம். இல்லையென்றால் முதல் மழைக்காலத்திலேயே உரியும். கறுப்பாகவே விடுவது மேல்.

வெட்டி எடுத்த துண்டை அட்டையில் வரைந்து, திருப்பிப் போட்டால் அடுத்த பக்கத்துக்கு அச்சு கிடைக்கும். இரண்டையும் மாட்டி, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு கொண்டை ஊசியில் ஏறி இறங்குங்கள். பிளாஸ்டிக்கில் இன்னும் உரசினால் மேலும் 5 மி.மீ. எடுக்கலாம். தகரத்திலேயே டயர் தேய்கிறது என்றால் பிளேடைக் கீழே வைத்துவிடுங்கள். மாற்ற வேண்டியது டயரை.