பழைய ஜி.ஐ. பைப்பை மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பழைய வீடுகள் பலவற்றில் இன்னமும் ஜி.ஐ. பைப்தான், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். காலையில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால், உள்ளே துத்தநாகப் பூச்சு போய் இரும்பு துருப்பிடித்துவிட்டது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

முதல் தவறு, ஒழுகுகிற துண்டை மட்டும் மாற்றுவது. மரை வெட்டிய இடத்தில்தான் பைப்பின் கனம் குறைவு, ரென்ச் போட்டுத் திருகினால் சுவருக்குள் இருக்கும் அடுத்த எல்போ (வளைவு ஜாயின்ட்) வரை ஆட்டம் காணும், இங்கே அடைத்தால் கொஞ்ச நாளில் அங்கே ஒழுகும். தண்ணீர் வேகமாக வரவில்லை என்று பிரஷர் பம்ப் போடுவதும் வேண்டாம். துரு அடைத்த பைப் அதைத் தாங்காது.

வீட்டுக்குள் எல்லாம் மாற்றிவிட்டு, தெருவிலிருந்து சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டிக்கு) வரும் மண்ணுக்குள் இருக்கும் பைப்பை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சப்ளை நின்ற நேரத்தில் அடிபம்பில் அடித்தால் அந்தத் துரு ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே வரும். சாக்கடை வாடை அடிக்கிற வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் தெருவை நீங்களாகத் தோண்டாதீர்கள், மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துச் செய்யுங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது, பிளம்பர்கள் பலர் சொல்வதே இல்லை. பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருப்பார்கள். இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போட்ட அன்றே அந்த வீட்டுக்கு எர்த் இல்லை. ஹீட்டரிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு வந்தால் ஈரக் கையோடு தொடுகிறவருக்குத்தான் ஷாக். பைப்பில் கை வைக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தனியாக எர்த் குழி போட்டு, மின்கசிவு வந்தால் தானாகவே கரன்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் மாட்டிவிடுங்கள். இதில் செலவு பார்க்காதீர்கள்.

ஹீட்டர் லைனுக்கு வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப்தான், அதற்குரிய பசையோடு, சாதா பி.வி.சி. பசையில் ஜாயின்ட் நிற்காது. மொட்டை மாடியில் வெயில் படுகிற பிளாஸ்டிக் பைப்புக்குப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

அப்புறம், கொத்தனார் அவசரப்படுத்துகிறார் என்று டெஸ்ட் பண்ணாமல் பூச விடாதீர்கள். குழாய் வாய்களை அடைத்து, கை பம்பில் பிரஷர் ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள், பம்பின் மீட்டர் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. இறங்கவில்லையென்றால் பைப் எங்கே போகிறது என்று டேப் வைத்து அளந்து, சுவரைப் போட்டோ எடுத்துக்கொண்டு பூசச் சொல்லுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போது தேவைப்படும்.